முதல் டேப்பை எறிந்துவிடவும்

கிரிச்.

அவ்வளவுதான் சத்தம். ஷார்ஜா ரோலாவில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறையில் ஒரு பீங்கான் தட்டு இரண்டாக உடைந்தது. மனைவி குனிந்து இரண்டு துண்டையும் எடுத்து, விளிம்போடு விளிம்பு வைத்துப் பொருத்திப் பார்த்தாள். யாரும் செய்வதுதான். உடைந்தது கையில் வந்தால் கை தானாகச் சேர்த்துப் பார்க்கும். நான் ஒற்றைச் செருப்போடு, "சேக்காத, சேக்காத" என்று ஹாலிலிருந்து ஓடினேன்.

"தட்டுதானே ஒடஞ்சது. ஒங்க மண்டையவா ஒட்ட வைக்கிறேன், இப்படி ஓடி வர்றீங்க" என்றாள்.

சிலருக்குச் சாமி வருகிற மாதிரி அப்பாவுக்கு அவ்வப்போது ஜெர்மன் வரும் என்று மகள் தன் இங்கிலீஷில் அம்மாவுக்கு விளக்கம் சொன்னாள். உண்மைதான். மூன்று வருஷம் ஒரு ஜெர்மானியப் பேராசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து இரும்பைத் தேய்த்தவன் நான். அவர் ஊருக்குத் திரும்பிப் போய் இரண்டு கோடை கடந்துவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் பல்லில் கூசுகிறது.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு சோதனைக்கூடம். உடைந்த இரும்பெல்லாம் எங்களிடம் வரும்: போல்ட்டு, பைப்பு, பல்சக்கரம், கொக்கி. ஏன் உடைந்தது என்று நாங்கள் சொல்ல வேண்டும். யாரால் உடைந்தது என்பதுதான் அனுப்புகிறவர்களுக்கு வேண்டும். நான் டெக்னீஷியன். இரும்பை வெட்டுவேன், தேய்ப்பேன், கண்ணாடி மாதிரி பளபளக்க வைப்பேன், அமிலத்தில் ஒரு முக்கு முக்கி மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைப்பேன். அதற்குப் பிறகு பார்க்கிறவர்கள் பெரியவர்கள்.

எங்கள் கம்பெனி அந்தப் புரொபசரை வேலைக்கு வைத்தது என்று சொல்வது மரியாதை. வாங்கியது என்பதுதான் சரி. ரிசப்ஷனில் பேரீச்சம்பழத் தட்டுக்கு மேலே அவர் படம். விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் பட்டங்கள் லாரி டிரெய்லர் மாதிரி நீண்டு, பெயர் இரண்டாவது வரிக்குத் தள்ளப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் யார் வந்தாலும் மேனேஜர் முதலில் டீ காட்டுவார், அடுத்து மெஷினைக் காட்டுவார், கடைசியில் கண்ணாடிக் கதவைத் திறந்து அவரைக் காட்டுவார். அவரும் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, நீர்யானை மூச்சு வாங்க மேலே வந்த மாதிரி ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவார். பார்த்தவர்களுக்குத் திருப்தி.

முதல் நாள் என் பாஸ்போர்ட் நகலைப் பார்த்து, கடைசியில் இருக்கும் பெயரே குடும்பப் பெயர் என்று முடிவு செய்துகொண்டார். அது என் அப்பாவின் பெயர். அதற்கு முன்னால் ஒரு மிஸ்டரைச் சேர்த்து மூன்று வருஷமும் கூப்பிட்டார். ஒரு முறை திருத்திப் பார்த்தேன். "அப்படியானால் உங்கள் குடும்பத்தின் பெயர் என்ன" என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்றேன். எஃகில் கார்பனே இல்லை என்று சொன்னவனைப் பார்ப்பது போல நம்பாமல் பார்த்தார். விட்டுவிட்டேன். ஊரை விட்டு வெளியே போகாத என் அப்பா, செத்த பிறகு மூன்று வருஷம் ஷார்ஜாவில் இரும்பு பாலிஷ் போட்டார்.

அவருடைய வாழ்க்கையை அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன்; பாலிஷிங் வீல் சுற்றும்போது தப்பி ஓட முடியாது. இரும்பு உருக்கும் ஊரில் பிறந்தவர். அங்கே காயப்போட்ட துணியைச் சாம்பலை உதறித்தான் எடுப்பார்களாம். சூடான எஃகை எண்ணெயில் முக்கும் அந்த ஒரு கணத்தில், சில துண்டுகள் மட்டும் ஏன் விரிசல் விடுகின்றன என்பதுதான் அவர் ஆராய்ச்சி. அந்த ஒரு கணத்தைப் பற்றி ஆறு வருஷம் எழுதி டாக்டர் ஆனார். அதே கணத்தைப் பற்றி இன்னும் முப்பது வருஷம் பேசிப் பேராசிரியராக இருந்தார். மற்ற கணங்களெல்லாம் அவருக்கு அந்தக் கணத்தைச் சுற்றி நடந்தவை. முதல் மனைவி, பெரிய வாக்குவம் ஃபர்னஸ் வாங்கிய வருஷம் பிரிந்து போனார். இரண்டாம் மனைவி, அது பழுதான வருஷம் வந்தார். எந்த வருஷம் என்று கேட்டால் ஃபர்னஸின் மாடல் நம்பரைச் சொல்வார்.

வயதாகிவிட்டது என்று ஒரு நாள் விருந்து வைத்து, வெள்ளி முலாம் பூசிய சுத்தியல் ஒன்றைப் பரிசளித்தார்களாம். மறுநாள் லேப் சாவியை வாங்கிக்கொண்டு, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையைக் கொடுத்தார்கள். சாவி போனதை விட அவருக்கு அந்தச் சுத்தியல்மேல்தான் கோபம். முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே போய் எஃகு நொறுங்கிப்போகும், அது கூடத் தெரியாத மூடர்கள் என்றார். அப்படித்தான் பாலைவனத்துக்கு வந்தார். மைக்ராஸ்கோப்பின் வட்டத்துக்குள் வெயில் அடிப்பதில்லை. அவருக்கு ஊர் மாறியதே தெரிந்திருக்காது.

லேபுக்கு அவர் கொண்டுவந்த சட்டங்கள் பல. நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் இனிஷியல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: உடைந்த இரண்டு துண்டை ஒருபோதும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. உடைந்த முகத்தில்தான் உடைந்த கதை எழுதியிருக்கிறது. சேர்த்தால் எழுத்து ஒன்றையொன்று தேய்த்துவிடும். அதற்கென்றே ஒரு ஸ்லைடு வைத்திருந்தார்: இரண்டு கை, இரண்டு துண்டு, மேலே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. ஒரு தடவை கந்தூரா என்கிற வெள்ளை அங்கி போட்ட உள்ளூர் இன்ஜினியர் ஒருவர் பேச்சு வாக்கில் உடைந்த போல்ட்டைச் சேர்க்கப் போனார். புரொபசர் அவர் புறங்கையில் பட்டென்று ஒன்று வைத்தார். மேனேஜர் வெளுத்துப்போனார். நல்லவேளை, அந்த மனிதர் சிரித்துவிட்டார். கடைசியாக இப்படித் தன்னை அடித்தது தன் அம்மா என்றார்.

அந்த ஷேக்கிள் பின் எங்களிடம் வந்தது ஒரு திங்கட்கிழமை. க்ரேன் கொக்கியில் சரக்கை மாட்டுகிற இரும்பு வளையத்துக்கு ஷேக்கிள் என்று பெயர். அதன் வாயை மூடுகிற உருளைக் கம்பிதான் பின். அது இரண்டாக உடைந்து, தூக்கிய ஏசி யூனிட் மூன்றாவது மாடி உயரத்திலிருந்து கீழே விழுந்திருந்தது. யார் மேலும் விழவில்லை. ஆகவே பழியை யார் மேலாவது போட வேண்டியிருந்தது.

யார் மேல் என்பது எனக்கு அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. லேபுக்கு எதிரே கஃபெட்டீரியாவில் ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சிவகங்கைப் பக்கம். முவைலா லேபர் கேம்ப்பில் இருக்கிறான். அந்த க்ரேனுக்கு ரிக்கர் அவன்தான். சரக்கைக் கட்டி, க்ரேன்காரருக்குக் கை காட்டுகிறவன். நாற்பதை நெருங்கும் வயது. உள்ளங்கை இரண்டும் பழைய செருப்பு மாதிரி இருந்தன. ஒரு சமூசாவை எனக்குத் தள்ளிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அண்ணே, ரெண்டு டன்னு சரக்குக்கு அஞ்சு டன்னு ஷேக்கிள்தான் மாட்டுனேன். ஓவர்லோடுன்னு உங்க ரிப்போர்ட்டு வந்துச்சுன்னா என் கார்டைப் புடுங்கிருவாங்க. ஊருக்கு அனுப்புற பேப்பர் டைப் பண்ணி வச்சிட்டாங்கண்ணே, கையெழுத்துதான் பாக்கி. ஊருக்குப் போறது ஒண்ணுமில்ல. ஆளக் கொல்லப் பாத்தவன்னு போறதுதான்."

கேஸ் நடக்கும்போது நான் யாரிடமும் பேசக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். சொல்லிவிட்டு அவன் சமூசாவைச் சாப்பிட்டேன்.

அன்று மாலை பின்னில் அப்பியிருந்த கிரீஸையும் மண்ணையும் கழுவினேன். பிறகு டேப். அசிட்டோனில் நனைத்த மெல்லிய பிளாஸ்டிக் டேப்பை உடைந்த முகத்தில் ஒட்டி, காய்ந்ததும் உரித்தால் அதன் ரேகையெல்லாம் டேப்பில் வந்துவிடும். முதல் டேப் மிச்சமிருக்கும் அழுக்கைத்தான் இழுத்துக்கொண்டு வரும். 'முதல் டேப்பை எறிந்துவிடவும்' என்று புரொபசரின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. லேபுக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தார். அதைத்தான் நாங்கள் பின்பற்ற வேண்டும்.

நான் எறிவதில்லை. புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. எனக்குக் கவிதை எழுதுகிற வியாதி உண்டு. அந்த முதல் டேப்பை வெளிச்சத்தில் பிடித்தால் விமானத்திலிருந்து பார்க்கும் பாலைவனம் மாதிரி, குழந்தை கிழித்த மேகம் மாதிரி, ஏதோ ஒரு கெட்டுப்போன வானம் மாதிரி இருக்கும். திருட்டுத்தனமாக என் நோட்டில் ஒட்டி, பழக்கதோஷத்தில் மாதிரி எண்ணையும் தேதியையும் நேரத்தையும் போட்டு, அடியில் நாலு வரி கிறுக்குவேன். இந்த டேப்பில் ஓரமாக ஒரு கருப்புப் பிறை வந்திருந்தது. அதற்கும் நாலு வரி.

செவ்வாய்க்கிழமை புரொபசர் பின்னைப் பார்த்தார். முகத்தின் ஓரத்தில் அதே பிறை, மெல்லிய கரும்பூச்சாக மிச்சமிருந்தது. அவர் காது சிவந்தது. கண்ணை எடுக்காமல் ஒரு கையால் என்னைக் கூப்பிட்டு, நாற்பது வருஷம் தான் பேசிய கணம் இதோ இருக்கிறது என்றார். பின் செய்த தொழிற்சாலையில் எண்ணெயில் முக்கும்போதே விரிசல் விட்டிருக்கிறது. மறுபடி உலையில் சூடு காட்டும்போது அந்த விரிசலுக்குள் கருந்தோல் படிந்திருக்கிறது. வெளியே இருக்கிற இரும்புக்குத் துருதான் பிடிக்கும், இந்தத் தோல் பிடிக்காது. அதாவது இந்தப் பின் க்ரேனைப் பார்க்குமுன்பே பாதி உடைந்தது. மைக்ராஸ்கோப்பின் கேமரா சர்வீஸிலிருந்து புதன்கிழமை மத்தியானம் திரும்பி வரும். வந்ததும் படம் எடுத்துவிடலாம் என்றார். நான் மனதுக்குள் சமூசாவுக்கு நன்றி சொன்னேன்.

புதன்கிழமை காலையில் வேறொரு கேமரா வந்தது. கம்பெனியின் புது பிரோஷருக்காக மேனேஜர் ஒரு போட்டோகிராஃபரை வரவழைத்திருந்தார். புரொபசருக்குப் புதுக் கோட்டு, புது டை. ஸ்டாண்டு வைத்து விளக்குப் போட்டார்கள். கையில் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று மேனேஜர் சொல்ல, அவரே பின்னின் இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டார், கைக்கு ஒன்று. போட்டோகிராஃபர் ஃபிரேமைப் பார்த்தார். நடுவில் ஓட்டையாக இருக்கிறது சார், ரெண்டையும் கொஞ்சம் கிட்டே கொண்டு வாங்க என்றார். இன்னும் கிட்டே. இன்னும் கொஞ்சம். ஸ்மைல் ப்ளீஸ்.

கிரிச்.

ஜெர்மனியில் சாவியைப் பிடுங்கிய நாளிலிருந்து அந்த மனிதரை யாரும் அழகாக இருக்கிறீர்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள் போல. சிரித்துக்கொண்டே சேர்த்துவிட்டார். சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் கீழே போயிற்று. இரண்டு துண்டையும் பிரித்து, குழந்தையைப் படுக்க வைப்பது போல ட்ரேயில் வைத்தார். மைக்ராஸ்கோப்பில் நான்தான் முதலில் பார்த்தேன். பிறை இருந்த இடத்தில் பளபளவென்று கீறல்கள். நான் பத்து நாள் தேய்த்தாலும் வராத பளபளப்பு.

வெட்டிப் பார்த்தால் உள்ளே மிச்சம் தெரியும். ஆனால் வெட்டக் கூடாது, அப்படியே திருப்பித் தர வேண்டும் என்று அனுப்பிய கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது; கேட்டுப் பார்த்தும் மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு ரிக்கர் போதும். மேனேஜர்தான் வழி சொன்னார். வரும்போதே தேய்ந்திருந்தது, காரணம் கண்டறிய இயலவில்லை என்று போட்டு முடித்துவிடலாம். அது முழுப் பொய் கூட இல்லையே சார், யாரோ ஒருவர் தேய்த்திருக்கிறார்தானே.

புரொபசர் மறுக்கவில்லை. அதை இங்கே எழுதத்தான் வேண்டும். அடுத்தவர் புறங்கையில் அடித்த மனிதர் இரண்டு நாள் தன் இரண்டு கையையும் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். பேனா அவர் மேஜையில் மூடியோடு கிடந்தது. ரிக்கர் தினமும் எதிரே கஃபெட்டீரியாவில் வந்து உட்கார்ந்தான். கேட்கவில்லை, எங்கள் கதவைப் பார்த்தபடி இருந்தான். நான் சன்ஷேடு ஓரமாகப் பதுங்கிப் பின்வாசல் வழியாகப் போனேன்.

ஏனென்றால் என்னிடம் நோட்டு இருந்தது. அதை நீட்டினால் கவிதை வெளியே தெரிந்துவிடும். ஒருவனுடைய பேர் போகப் போகிறது. நான் நாலு வரிக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பேராசிரியரைக் கிண்டல் செய்ய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று இப்போது கேட்கலாம். எனக்கும் அது தெரியும், இருந்தாலும் செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மேஜையில் நோட்டை விரித்து வைத்தேன். டேப்பைப் பார்த்தார். மாதிரி எண்ணைப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். பையிலிருந்து கை வெளியே வந்தது. அடியில் என்ன எழுதியிருக்கிறது, ஆய்வுக் குறிப்பா என்று கேட்டார். காது மடல் சுட, மொழிபெயர்த்தேன்: கரும்பிறையே, எந்த வானத்திலிருந்து விழுந்தாய், மண்ணைத் தொடும்போது உனக்கு வயதென்ன.

நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இரண்டும் சரியான கேள்விகள்" என்றார். "இரண்டுக்கும் என்னிடம் விடை இருக்கிறது."

டேப்பில் ஒட்டியிருந்த துகளை அன்று முழுக்கச் சோதித்தார். உலையில் பிறந்த கருந்தோல்தான்; சந்தேகமே இல்லை. சனிக்கிழமை லீவு நாள் என்று கூடப் பார்க்காமல் வந்து ரிப்போர்ட்டைத் தானே டைப் அடித்தார். அதில் ஒரு வாக்கியம்: முறிவின் முகம், கீழே கையெழுத்திடுபவரால், புகைப்படத்துக்காக ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டுச் சேதமடைந்தது. அதற்குப் பின்னால், இணைப்பாக, என் நோட்டின் பக்கம். கவிதையோடு. மறைத்து நகல் எடுத்தால் அது ஆதாரம் ஆகாது என்று சொல்லிவிட்டார்.

மேனேஜர் அந்த வாக்கியத்தை எடுக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினார். முடியாது என்றார் புரொபசர். அந்த வாக்கியம் இல்லாவிட்டால், பின்னையே படம் எடுக்காமல் எதற்காக ஒரு குப்பை டேப்பைக் காட்டுகிறீர்கள் என்று எவனும் கேட்பான். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்க வேண்டும். மேனேஜர் என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தார்.

"யோவ் கவிஞரே, கவிதைய அனெக்ஸர்ல வச்ச மொத லேப் ஒலகத்துலயே நம்மளுதாதான்யா இருக்கும்."

எங்கள் கம்பெனி தடுக்குமுன் புரொபசரே பேனாவால் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைப் பின்னை அனுப்பிய கம்பெனிக்கும் ஒன்றை இன்சூரன்ஸ் சர்வேயருக்கும் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் முதலாளி புரொபசரைக் கூப்பிட்டு, காவா என்கிற அரபுக் காப்பி கொடுத்தார். பழத்தட்டை நீட்டினார், உடம்பை விசாரித்தார், ஊரில் இப்போது குளிர்காலம் நன்றாக இருக்குமே என்றார். கலாஸ், முடிந்தது. விசா கேன்சல். படம் மட்டும் பிரமாதமாக வந்திருந்தது. அதைப் பிரோஷரில் போட்டார்கள், ரிசப்ஷனிலும் மாட்டினார்கள். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தபடி, சிரித்த முகமாக, பேரீச்சம்பழத்துக்கு மேலே இன்னும் இருக்கிறார்.

ரிக்கரின் கார்டு அவனிடமே இருந்தது. டைப் அடித்த பேப்பரைக் கிழித்துவிட்டார்கள் என்று சொல்ல வந்தான். நான் ஒரு பெருமையோடு முழுக் கதையையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, கணக்குத் தெரிந்தவன் போலக் கேட்டான்.

"அந்தப் பெரியவரு போட்டோவுக்கு நிக்காம இருந்திருந்தா?"

"அப்பவும் உன் மேல தப்பில்லைன்னுதான் வந்திருக்கும்."

"அப்ப அவரு எடுத்ததத்தான் திருப்பி வச்சிருக்காரு. எனக்குன்னு என்னண்ணே பண்ணாரு?"

அவனே, ஆனாலும் எடுத்தத யாருண்ணே திருப்பி வைக்கிறா என்று சொல்லி, ஊருக்குப் போகிறவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிற தைலப் பாட்டில் ஒன்றை நீட்டினான். பெரியவருக்காம்.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். தைலத்தைக் கொடுத்தேன், யார் கொடுத்தது என்றும் சொன்னேன். லேபிளை முழுவதும் படித்துவிட்டு, மூடியைத் திறந்து முகர்ந்து, கண்ணில் நீர் வர, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தைலத்தால்தான் நீர் வந்தது என்று நான் எழுதிக்கொள்கிறேன்.

டிராலியில் பெட்டியை ஏற்றிய பிறகு, லேப் பிரதியான அவர் புத்தகத்தை எடுத்து நீட்டி, ஒரு கையெழுத்து கேட்டேன். முதல் பக்கத்தைத் திறக்கவே இல்லை. நேராக டேப் அத்தியாயத்துக்குப் போனார். பக்கம் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. முதல் டேப்பை எறியச் சொன்ன அந்த வரியில் நகத்தை வைத்துக் காட்டிவிட்டுப் புத்தகத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பின்னால் ஒரு டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

"இதை அடித்துவிடுங்கள்" என்றார்.

"நானா சார்? பென்சிலாலா?"

"பேனாவால். ஒரே கோடு. நான் என்ன எழுதியிருந்தேன் என்று கோட்டுக்கு அடியில் படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் உங்கள் இனிஷியலைப் போடுங்கள்."